பக்கிரிசாமியின் வலது கால்

சாரநாதனின் வலது கால் ஒரு காய்ச்சலில் போயிற்று. காய்ச்சல் வந்தது உடம்புக்குத்தான். மருந்துக்கடையில் ஊசி போடுகிறவர், அவரை நிற்க வைத்தபடியே வேட்டியைச் சற்று இறக்கி, பின்புறத்தில் ஓர் ஊசி போட்டார். போட்ட கணத்தில் சுரீரென்று ஒன்று கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கால் கட்டைவிரல் வரை போய் நின்றது.

"மருந்து வேலை செய்யுது" என்றார் ஊசி போட்டவர்.

சாரநாதனும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் காய்ச்சல் இல்லை. குளித்து, திருமண் இட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். பூக்கடைப் பெண் பின்னாலிருந்து கூப்பிட்டு, "மாமா, செருப்பு" என்றாள். திரும்பிப் பார்த்தார். வலது கால் செருப்பு தெரு நடுவில் தனியாகக் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் நடந்து வந்ததும் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். பாதம், கொடியில் போட்ட ஈரத்துண்டு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கச் சொன்னார், அது தூக்கவில்லை.

திருநாவற்காட்டில் சாரநாதன் பகலில் கூட்டுறவு வங்கியின் கடைநிலை ஊழியர். திருவிழா நாட்களில் சீபாதக்காரர். பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்கு அந்த ஊரில் சீபாதக்காரர்கள் என்று பெயர். பெருமாள் எழுந்தருளும் பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர். சுமப்பவனைக் கேட்காமல் வைத்த பெயர் என்று சீபாதக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் விட்டுவிட்டுப் போனவன் எவனும் கிடையாது.

அவர்களுக்கென்று ஒரு நடை உண்டு. முழங்காலை விறைக்காமல், பாதத்தைத் தரையோடு ஒட்டித் தூக்கி, இடமும் வலமுமாக மெல்லச் சாய்ந்து, எல்லாரும் ஒரே காலாக வைக்க வேண்டும். ஒருவன் கால் தவறினால் பெருமாளின் திருமுடி ஆடும். அதனால் பல்லக்கைத் தாங்கும் ஒரே தண்டுக்கு முன்னும் பின்னுமாக நிற்கிறவர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். சாரநாதனுக்குச் சேர்த்த ஜோடி பக்கிரிசாமி. இருவரும் ஒரே வயது, ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே கனம். பக்கிரிசாமி முன்னால், சாரநாதன் பின்னால். வாழ்நாளில் பாதியைச் சாரநாதன் பக்கிரிசாமியின் பிடரியைப் பார்த்தே கழித்திருந்தார்.

சில வருஷங்களாக இருவருக்கும் பேச்சில்லை. காரணம் மதகு மேடு. மேலவீதி முடிந்து வடக்குவீதிக்குத் திரும்பும் இடத்தில் வாய்க்கால் மதகுக்காகச் சாலை செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு வருஷம் திருமுடி லேசாக ஆடிற்று. அடுத்த வருஷமும் ஆடிற்று. பட்டர் பல்லக்கை நிறுத்தி, "யாரப்பா தண்டை எழுப்பறது?" என்று கேட்டார். சாரநாதன் எல்லார் முன்னிலும், "பக்கிரிதான் சாமி. மேட்டுல எம்பி எம்பிக் குதிக்கறான். நாலு பேர் பாக்கறாங்கள்ல" என்றார். பக்கிரிசாமி மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. அன்றிலிருந்து பேசவுமில்லை. ஆனால் ஜோடி ஜோடிதான். அதற்குப் பிறகும் ஒரே தண்டில், ஒரே காலாக நடந்தார்கள். பேச்சில் பிசகு உண்டு, நடையில் கிடையாது.

அந்த மதகு மேட்டைப் பற்றிச் சாரநாதனிடம் இன்னொரு கதையும் உண்டு. மஞ்சள்காமாலை கண்டு, எலும்பும் தோலுமாக எழுந்து வந்த வருஷம் அவர் பிடிவாதமாகத் தண்டுக்குத் தோள் கொடுத்தார். மேட்டில் ஏறும்போது மூச்சு அடைத்தது. விழுந்துவிடுவோம் என்று நினைத்த நேரத்தில் தோளில் பாரம் குறைந்தது. பெருமாள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டார். அன்றுமுதல் ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் மட்டும் அப்படித்தான். வங்கிக்குக் கடன் கேட்டு வருகிறவர்களிடம்கூட அவர் இதைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கண் கலங்கும்.

இப்போது பங்குனித் திருவிழாவுக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. சாரநாதனுக்கு மாடி ஏற முடியாதது பற்றிக் கவலையில்லை, பஸ் ஏற முடியாதது பற்றியும் கவலையில்லை. தண்டுக்கு அடியில் தன் இடம் காலியாக இருக்கும். அல்லது, அதைவிட மோசம், காலியாக இருக்காது.

மனைவி செங்கமலம் அவரை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் குறை இடுப்புக்குக் கீழேதான். சம்பந்தி வீட்டில் ஊர் விசாரிப்பதுபோல ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எது?"

"ஊசி."

"அடடா. எனக்குக் கட்டு. காலு முறிஞ்சதுன்னு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினாங்க. இறுக்கமாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் வலி போயிருச்சு. குணமாயிட்டேன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன்."

அவருக்கு முழங்காலின் வெளிப்பக்கம், தோலுக்கு அடியிலேயே ஓடுகிற நரம்பு நசுங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளுக்குக் கடலைக்காட்டில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்ததில் அதே நரம்பு. ஓரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர். சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்வு போய், செருப்பில் ஏறிய ஆணியோடு கடையைத் திறந்து, வியாபாரம் பார்த்து, மூடிவிட்டு வந்தவர். வலியில்லாதவர்கள்தான் அந்த அறையில் அதிகம். யார் முகத்திலும் நிம்மதி இல்லை.

நடைப் பதிவு செய்கிற பெண்ணின் பெயர் ரிஸ்வானா. முக்காட்டின் மேல் வெள்ளைக் கோட்டு. சாரநாதனைக் குப்புறப் படுக்க வைத்து, தொடையின் பின்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இப்படி ஒரு நரம்பு இறங்குதுங்கய்யா. கட்டைவிரல் தடிமன். உடம்புலயே பெரிய நரம்பு இதுதான். முழங்காலுக்கு மேல ரெண்டாப் பிரியும். ஒண்ணு முன்பக்கம் வந்து பாதத்தைத் தூக்கும். இன்னொண்ணு ஆடுசதை வழியாப் போய்க் குதிகாலைத் தூக்கும். உங்களுக்கு ஊசி விழுந்தது, பிரியறதுக்கு மேல."

"அப்ப ரெண்டும் போச்சு."

"ரெண்டுந்தான்."

"திரும்ப வளராதாம்மா?"

"வளரும். ஒரு நாளைக்கு அரிசி மொனை அளவு. அது பாதத்துக்கு வந்து சேர்றவரைக்கும் சதை காத்திருக்காதுங்கய்யா, வத்திப்போயிடும். அதனால நரம்புப் பாலம்னு ஒண்ணு வைக்கிறோம். தலைமுடி மாதிரி ஒரு நூல். செத்த நரம்போட வேலையை அது பாத்துக்கும். ஆனா அதுக்கு நடக்கத் தெரியாது."

"பின்ன?"

"யாராவது நடந்து காட்டணும். அவங்க காலுக்குப் போற உத்தரவை அப்படியே பதிஞ்சு இதுல ஏத்திடுவோம்."

"என் இடது காலை வெச்சுப் பதிஞ்சுக்கக் கூடாதா?"

"கண்ணாடியப் பாத்து மீசை ஒதுக்கற மாதிரி ஆயிடுங்கய்யா. வலதுக்கு வலதுதான் வேணும். உங்க வயசு, உங்க உயரம், உங்க எடை. சொந்தமா இருக்கணும்னு இல்ல. உங்ககூட நடந்து பழகினவங்கன்னா ரொம்ப நல்லது."

செங்கமலம் கணவரைப் பார்த்தாள். சாரநாதன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார்.

"வேற யாரும் கிடைக்க மாட்டாங்களாம்மா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

பக்கிரிசாமியைக் கேட்டது செங்கமலம்தான். அவர் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். பக்கிரிசாமி தென்னை மட்டை கிழித்துக்கொண்டிருந்தார். "காலைத்தானே கேக்கற. பேசச் சொல்லலியே" என்றார். குறித்த நாளில் வேறு பஸ்ஸில் வந்து, நடந்து காட்டிவிட்டு, வார்டில் குப்புறக் கிடந்த ஜோடியை எட்டிப் பார்க்காமல், வேறு பஸ்ஸில் திரும்பிப் போனார். ரிஸ்வானாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "இதுல எனக்கு ஏதாவது குறையுமா?" குறையாது என்றாள் அவள். "குறைஞ்சாலும் பரவால்ல, கேட்டேன்" என்றாராம்.

பாலம் வைத்த மூன்றாம் நாள் சாரநாதனின் பாதம் தானாக எழும்பியது. செங்கமலம் சுவரில் இருந்த காலண்டர் பெருமாளைப் பார்த்துக் கையெடுத்தாள். எழுந்து நின்றார். நடந்தார். தாழ்வாரத்தின் முனைவரை போய்த் திரும்பினார்.

ரிஸ்வானா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் வேகமா வாங்கய்யா."

"வரலியேம்மா."

முழங்கால் விறைக்கவில்லை. பாதம் தரையோடு ஒட்டி எழும்பியது. உடம்பு இடமும் வலமுமாக மெல்லச் சாய்ந்தது. நல்ல காலான இடது காலும், ஜோடி மாட்டுக்கு இசைந்து போகும் மாடு மாதிரி, வலதின் போக்கிலேயே போயிற்று. அது சீபாத நடை. அதிலும் இடையிடையே வலது குதிகால் எழும்பி, தோள் ஒரு விரற்கடை உயர்ந்து, மறுபடி இறங்கியது.

"சாதாரணமா நடங்கன்னுதான் அவர்கிட்ட சொன்னோம்" என்றாள் ரிஸ்வானா. "சாரநாதனுக்கு எந்த நடை வேணும்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டார். தோளுக்கு ஏதாவது பாரம் வேணும்னார். தண்ணிக் கேனைக் குடுத்தோம்."

சாரநாதன் பல்லைக் கடித்தார். நடையைக் கொடுத்தது சரி. அந்த எம்பலையும் சேர்த்தல்லவா கொடுத்திருக்கிறான். ஊர் முன்னால் சொன்னதற்கு ஊர் முன்னால் பழி.

"ஒரு மண்டலத்துல நூல் சதையோட உறைஞ்சிடும்" என்றாள் ரிஸ்வானா. "அதுக்குள்ள வேண்டாம்னு தோணினா வாங்க, அழிச்சிட்டு வேற நடை ஏத்திடலாம். உறைஞ்சதுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அதுதான் உங்க நடை."

ஊருக்கு வந்தார். பால் வாங்கப் போனார். பூத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வங்கியில் சாரநாதன் ஒரு கோப்பை ஏந்திக்கொண்டு மேலாளர் அறைக்கு வந்தபோது, புதிதாக மாற்றலில் வந்திருந்த காசாளர் காரணம் தெரியாமல் எழுந்து நின்றார். தேநீர் ஆறிப் போயே வந்தது. "என்ன சாரநாதன், டீ மண்டகப்படியெல்லாம் முடிச்சுட்டு வருதா?" என்றார் மேலாளர். சாரநாதன் சிரிக்கவில்லை. அந்த நடையில் சிரிக்க வராது.

"என்னங்க, நாலு வீடு தள்ளி இருக்கற கடைக்குப் போயிட்டு வர இவ்வளவு நேரமா?" என்று செங்கமலம் கேட்டாள்.

"மூணு வீட்டுல கற்பூரம் காட்டினாங்க" என்றார்.

தொல்லை மினிபஸ்ஸில் வந்தது. அந்த ஊருக்கு டிரைவர் இல்லாத மினிபஸ் விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. குறுக்கே வருவது மாடா, சைக்கிளா, குழந்தையா என்று அதுவே பார்த்து நடந்துகொள்ளும். கோயில் ஊர் என்பதால் ஊர்வலத்துக்கு நிற்கவும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாரநாதன் மேலவீதியில் வருவதைக் கண்டதும் அது நின்றது. பின்னால் வந்த வண்டிகளையும் நிறுத்தியது. "சுவாமி புறப்பாடு. பக்தர்கள் பொறுத்தருள வேண்டும்" என்று பெண் குரலில் அறிவித்தது. அவர் தெரு முனை திரும்பும்வரை அசையவில்லை.

முதல் நாள் ஊர் சிரித்தது. அடுத்த வாரம் ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, ரயிலுக்கு நேரமாகிறது என்றார்கள். "மாமா, நீங்க கொஞ்சம் ஓடக்கூடாதா?" என்று ஒருவன் ஜன்னல் வழியாகக் கேட்டான். ஓடத்தான் நினைத்தார். கால் ஓடவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றாலும் பயனில்லை. சுவாமி மண்டகப்படிக்கு நிற்பதாக எடுத்துக்கொண்டு பஸ்ஸும் நின்றது.

ஒரு நாள் காலை அப்படி நின்ற பஸ்ஸின் ஜன்னலோரத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். தோளில் துண்டு சுற்றிய குழந்தை. குழந்தையின் கண் செருகியிருந்தது. பஸ் அரசு சுகாதார நிலையத்துக்குப் போகிற பஸ். சாரநாதனுக்குப் பதறியது. நெஞ்சு ஓடிற்று, கால் இடமும் வலமுமாகச் சாய்ந்து, இடையில் ஒரு தரம் எம்பி, தன்பாட்டில் போயிற்று. அந்தப் பெண் வையவில்லை. பஸ் சொன்னதை நம்பி, எந்தச் சுவாமி என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியாததால், வந்திருக்கிற சுவாமி யாரானாலும் சரி என்று, குழந்தையோடு சேர்த்துக் கையைக் குவித்தாள்.

சாரநாதன் அன்று வங்கிக்குப் போகவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது என்று மாலையில் செங்கமலம் விசாரித்து வந்து சொன்னாள். அதன் பிறகுதான் சாப்பிட்டார்.

"நாளைக்கே போய் அழிச்சிட்டு வந்துடறேன்" என்றார். "பெருமாளைச் சுமக்காம பெருமாள் மாதிரி வர்றது பாவம்."

"அழிச்சா தண்டுக்கு நிக்க முடியுமா?" என்று செங்கமலம் கேட்டாள்.

வேறு நடை ஏற்றினால் அது யாருடையதோ. ஜோடிக்கு ஒத்து வராது. தண்டு போய்விடும். அது இருவருக்கும் தெரியும்.

ரிஸ்வானா அவரைப் படுக்க வைத்து, காலில் பட்டையைக் கட்டி, எதிரே இருந்த திரையைத் திருப்பி வைத்தாள். திரையில் வெறும் கோடுகள்; ஏறி இறங்கின.

"மண்டலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நல்ல வேளை வந்தீங்க. முழுசா அழிச்சிடவா?"

"முழுசா அழிச்சிடு தாயி. முக்கியமா அந்தக் குதிக்கிறதை. அது நடையில்ல, திமிரு."

"எதைக் குதிக்கிறதுங்கறீங்க?"

"இடையில எம்புதே."

ரிஸ்வானா கோடுகளில் ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கினாள். "இது குதிக்கிறது இல்லீங்கய்யா. குதிச்சா பாதத்துல பாரம் குறையணும். இங்க பாருங்க, அவர் எம்பற நேரத்துல கூடுது. அவரோட பாரத்துக்கு மேல இன்னொருத்தர் பாரத்தையும் ஏத்திக்கிட்ட மாதிரி. ஆடுசதை முழுக்க இறுகுது. இத்தனை வருஷம் இப்படிச் செஞ்சா குதிகால் தசைநாண் புண்ணாயிருக்கும். புண்ணாத்தான் இருக்கு அவருக்கு. பதியும்போதே பாத்தேன். மருந்து எழுதித் தரச் சொல்றேன்னேன், வேண்டாம்னுட்டார்."

சாரநாதன் கோட்டைப் பார்த்தார்.

"எனக்கும் வேடிக்கையாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள். "கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தவர் திடீர்னு எம்பினார். என்னங்கய்யா இதுன்னு கேட்டேன். 'மேடு வந்துருச்சும்மா, பின்னாடி வர்றவனுக்கு மூச்சு வாங்கும்'னார். இது ஆஸ்பத்திரி வராண்டா, மேடு ஏதுன்னேன். 'அட, ஆமா'ன்னு சிரிச்சார். அதுக்கப்புறமும் எம்பிக்கிட்டேதான் இருந்தார். அவருக்கே தெரியல."

"பின்னாடி வர்றவன்னு யாரைச் சொன்னான்?"

"நானும் கேட்டேன். 'இருக்கான் ஒருத்தன். மஞ்சக்காமாலை வந்த உடம்பு. பேசமாட்டான்'னார்."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாரநாதன் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மதகு மேடு. அடைத்த மூச்சு. பஞ்சாகிப் போன பெருமாள். எம்பியது ஒரு கதை, பாரம் குறைந்தது வேறு கதை என்றே அவர் இத்தனை காலம் சொல்லி வந்தார். முதல் கதையைச் சொல்லும்போது கோபம் வந்தது. இரண்டாவதைச் சொல்லும்போது கண்ணீர் வந்தது. இரண்டும் ஒரே மேட்டில், ஒரே நொடியில் நடந்தவை என்பது ஒரு தரம்கூட அவருக்குத் தோன்றவில்லை. தோள் கொடுக்கிறவனின் கண், முன்னால் இருப்பவனின் பிடரியோடு நின்றுவிடுகிறது, குதிகால்வரை இறங்குவதில்லை.

அப்படியானால் பெருமாள் லேசாகவில்லையா என்று யோசித்தார். லேசாகத்தான் ஆனார். சாரநாதனுக்கு வேண்டியபோது அவர் பக்கிரியின் காலில் ஏறிக்கொண்டார். எங்கே ஏறுவது என்று அவருக்குத் தெரியும்.

"அய்யா, அழிச்சிடவா?"

"வேண்டாம்மா."

"ரோட்டுல சிரமம்னீங்களே. பஸ் நின்னுடுதுன்னு."

"பஸ் போற வீதியில போகமாட்டேன். வாய்க்கால் கரையோட சுத்திப் போயிக்கறேன். சீக்கிரம் எந்திரிச்சுக் கிளம்பணும், அவ்வளவுதானே."

"ஓட முடியாதுங்கய்யா. காலத்துக்கும்."

"இந்த வயசுல எங்க ஓடப்போறேன்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் குதிகால் மருந்தை எழுதிக் குடுக்கச் சொல்லும்மா. நான் வாங்கிட்டுப் போறேன்" என்றார்.

மருந்துப் பொட்டலத்தைச் செங்கமலம் கொண்டுபோய்ப் பக்கிரிசாமியின் வீட்டில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்பினார்கள் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பங்குனி வந்தது. காலைப் புறப்பாட்டுக்குத் தோளுக்கினியானைப் பூட்டினார்கள். சீபாதக்காரர்களின் தலைவர் மணவாளன் சாரநாதனின் நடையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "புதுக் கால். பின்னாடி நின்னா கூட்டத்துல எவனாவது மிதிச்சிடுவான். நீ முன்னாடி வா. பக்கிரி பின்னாடி போகட்டும்" என்றார்.

முதன்முறையாகப் பக்கிரிசாமி சாரநாதனின் பிடரிக்குப் பின்னால் நின்றார். தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"காலு எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து கேட்டது. இத்தனை வருஷத்தில் முதல் பேச்சு அது.

சாரநாதன் திரும்பவில்லை. தண்டுக்கு அடியில் திரும்பக் கூடாது. "உன் காலுதானேடா. உனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

பெருமாள் எழுந்தார். கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி. மினிபஸ் ஒரு சந்தில் நின்று உண்மையான சுவாமிக்கு உண்மையாகவே அறிவித்தது. மதகு மேடு தெரிந்தது. ஏற்றத்தில் கால் வைத்ததும் சாரநாதன் காதைத் தீட்டிக்கொண்டார். பின்னால் பக்கிரிசாமியின் மூச்சு மாறியது, கரகரத்தது. முன்னால் நிற்கிறவனுக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

குதிகால் தானாகவே எம்பியது. அதற்காகவே பிறந்த குதிகால் அது. அது எம்பி இறங்கியபின் சாரநாதன் தன் விருப்பத்தில் இடது காலிலும் ஒரு தரம் எம்பினார். தோளில் கனம் கூடியது. தண்டு எலும்பில் இறங்கியது. பெருமாள் பஞ்சாகவில்லை. இவ்வளவு கனமா இந்தப் பெருமாள் என்று சாரநாதனுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எம்பினார்.

மேலே திருமுடி லேசாக ஆடியது. பட்டர் திரும்பினார். "யாரப்பா தண்டை எழுப்பறது?" என்றார். வழக்கப்படி எல்லார் கண்ணும் பக்கிரிசாமியின் பக்கம் போயிற்று.

"நான்தான் சாமி" என்றார் சாரநாதன். "முன்னாடியும் பக்கிரி குதிக்கல சாமி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

பட்டர் ஒரு கணம் பார்த்தார். "சரி, சரி. பெருமாளுக்கும் மேடு ஏறினா ஒரு தலையசைப்பு இருக்கத்தான் செய்யும். நடங்கோ" என்றார்.

வடக்குவீதி மண்டபத்தில் தாங்குகட்டைகளை ஊன்றி, பெருமாளை இருத்தினார்கள். யாரோ பானகம் கொண்டுவந்தார்கள். பக்கிரிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜோடியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். பானகத்தைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"சாரநாதா."

"சொல்லு."

"மதகு மேட்டுல பெருமாள் பஞ்சாயிடறார், பஞ்சாயிடறார்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவியே. நான் நம்பினதில்லடா. இவன் பெரிய ஆழ்வார், இவனுக்குத்தான் லேசாவாராக்கும்னு நெனச்சுக்குவேன்." குரல் இறங்கியது. "இன்னிக்கு எனக்கு ஆச்சுடா. மேட்டுல மூச்சு முட்டிச்சு பாரு, அப்ப. தோள்ல ஒண்ணுமே இல்ல."

சாரநாதன் தோளைத் தடவிக்கொண்டார். தண்டு பதிந்த இடம் சிவந்திருந்தது. துண்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"ஆமாண்டா" என்றார். "அந்த இடத்துல அப்படித்தான்."